பக்கத்து டயரைப் பார்த்தவன்

யார்டில் டயர் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிவரை எந்தப் பக்கம் கொடுத்து நெம்புவது, டியூப் மடங்காமல் எப்படித் தள்ளுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் முதுகே சீக்கிரத்தில் கற்றுக்கொள்ளும். நான் எழுதப் போவது பொறாமையைப் பற்றி. டயர் வேலைக்கும் பொறாமைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கத் தோன்றினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இதே யார்டில், எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற லாரிகள் தூசியோடு நுழைந்து நிற்கிற அதே தகரக் கூரைக்குக் கீழே, எனக்கு வருஷக்கணக்கில் வயிறு எரிந்தது. எரிய வைத்தவன் பெயர் நைனா. சொந்தப் பெயர் வேறு ஏதோ உண்டு. ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்து வந்தவன், பெரியவர் சின்னவர் யாரைப் பார்த்தாலும் 'நைனா' என்பான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

அவன் வருவதற்கு முன்னால் இங்கே டயர் என்றால் நான்தான். 'தணிகா எங்க?' என்று கேட்டுக்கொண்டுதான் டிரைவர்கள் லாரியை விட்டு இறங்குவார்கள். அவன் வந்த கொஞ்ச நாளில் 'நைனா கீறாரா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். என்னிடமே கேட்பார்கள். அவன் நாஷ்டா சாப்பிடப் போயிருக்கிறான் என்றால், "பரவால்ல, வரட்டும்" என்று சொல்லி லாரி நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். என் கையில் லிவர் இருக்கும். அதைக் கீழே வைப்பதா, அவர்கள் தலையில் வைப்பதா என்று தெரியாது.

அப்படி என்ன செய்துவிட்டான் அவன்? காதை வைத்தான். அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நேற்று சேர்ந்தவனுக்கும் புரியட்டும். டயரை ரிம்மில் ஏற்றியதும் அது வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்வது ஓர் இரும்பு வளையம், ரிங். ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். ரிம்மின் பள்ளத்தில் அது ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் லாரி கல்கத்தா வரைக்கும் போகும். உட்காராவிட்டால், உள்ளே காற்று ஏற ஏற ஒரு நொடியில் கிளம்பிவிடும். எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. வழியில் தலை இருந்தால் தலையையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் காற்று விடும்போது டயரைச் சுற்றிச் சங்கிலி போடுகிறோம், தள்ளி நிற்கிறோம்.

நைனா சங்கிலி போடமாட்டான். காற்று ஏறும்போது குனிந்து, ரிங்குக்கு மேலே காதை வைத்துக் கேட்பான். ரிங் பள்ளத்தில் விழுகிற 'டக்' சத்தம் கேட்டதும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். "குந்திடுச்சி நைனா. நீ கெளம்பு." டிரைவர்களுக்கு அது போதும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த மாதிரி நிம்மதியாகிவிடுவார்கள். நான் ரிங்கைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சங்கிலி போட்டு, காற்று விட்டு, மறுபடியும் தட்டிப் பார்ப்பேன். அதற்குள் அவன் வேலையை முடித்து பீடி பற்ற வைத்திருப்பான்.

ஒருநாள் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றுகிற லாரி ஒன்று புது டயர் போட வந்தது. நைனா லீவு. பின்பக்கம் மொத்தமும் நான் ஒருத்தனே மாட்டினேன். கையெல்லாம் சாம்பல், கண்ணெல்லாம் சாம்பல், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. மறுநாள் காலை வண்டி கிளம்புகிற நேரத்தில் டிரைவர் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிவந்தார். புது டயருக்குப் பொட்டு வைத்து, பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து ஏற்றிப் போவது வழக்கம். மாட்டியவன்தான் பொட்டு வைப்பான். நான் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அப்போது நைனா சைக்கிளில் கேட்டுக்குள் நுழைந்தான்.

"தோ, நைனாவே வந்துட்டாரு! நைனா, உன் கையால ஒரு பொட்டு வச்சி உடு. ராசியா இருக்கட்டும்" என்றார் டிரைவர்.

"நானா மாட்டுனேன்? தணிகாதானே மாட்டுனான். அவன வெக்கச் சொல்லு" என்றான் நைனா.

இது எனக்கு இன்னும் மோசம். அவன் வாங்கிக்கொண்டிருந்தால் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். விட்டுக்கொடுத்து அதிலும் நல்ல பெயர் எடுத்துவிட்டான். பொட்டு வைத்தேன். குங்குமம் கோணலாக வழிந்தது.

வீட்டில் என் மனைவி கேட்பாள்: "அந்தாளு உனக்கு இன்னாதான் பண்ணான்? சோறு துன்றப்பகூட அவன் பேச்சாவே கீது."

"ஒண்ணும் பண்ணல."

"அப்பறம் இன்னா?"

"ஒண்ணும் பண்ணலயே, அதான் பேஜாரா கீது."

ஏதாவது பண்ணித் தொலைப்பான் என்றுதான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அவன் எந்தக் கையால் லிவரைப் பிடிக்கிறான், எந்த முனையை முதலில் செருகுகிறான், ரிங்கின் மேல் எந்தக் காலை வைத்து மிதிக்கிறான், எல்லாமே எனக்கு மனப்பாடம். கட்டின மனைவி என்ன நிறப் புடவையில் இருந்தாள் என்று கேட்டால் முழிப்பேன். நைனாவின் கை எங்கே போகும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்று தப்பு செய்வான், நாளைக்குச் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவே இல்லை, பாவி.

அப்போதுதான் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. இரும்பு உருக்குகிற ஆலை ஒன்றின் லாரிகள் எல்லாவற்றுக்கும் டயர் வேலை இனி நம் யார்டில்தான். ஆனால் ஒரு நிபந்தனை. டயருக்கு என்று ஒரு மேஸ்திரி இருக்க வேண்டும், நல்லதோ கெட்டதோ அந்த ஒருவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆலையின் மேனேஜர் சொல்லிவிட்டார். இருப்பது நாங்கள் இரண்டு பேர். மேஸ்திரி நாற்காலி ஒன்று.

முதலாளி சோழவரம் பக்கத்து ஆள், நெல் வயலும் உண்டு, லாரியும் உண்டு. யாரையும் மனம் நோகப் பேசத் தெரியாதவர். "நான் ஒருத்தரச் சொன்னா இன்னொருத்தர் மூஞ்ச தூக்கி வச்சிக்குவீங்க. நாளைக்கி மேனேஜர் வர்றாரு. அவர் எதிர்ல ஆளுக்கு ஒரு வீல் மாட்டுங்க. அவரே சொல்லட்டும்" என்றார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதைவிட, அது நைனாவுக்குக் கிடைக்கக் கூடாது.

மறுநாள் காலையில் ஒரு லாரியின் இரண்டு வீல்களைக் கழற்றிப் போட்டோம். என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. ரிங்கை எடுத்து அவரவர் டயர்மேல் சாய்த்து வைத்தோம். நம் யார்டின் வழக்கம் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: கழற்றியவன்தான் மாட்ட வேண்டும், அடுத்தவன் ரிங்கை யாரும் தொடக் கூடாது. ரிங்குகள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரே லாரியில்கூட ஒரு ரிம் ஒரு கம்பெனி, இன்னொரு ரிம் வேறு கம்பெனி. ஒன்றின் ரிங் இன்னொன்றில் உட்காராது. அதனால் நம் ஆட்கள் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் போவார்களே தவிர, ரிங்கில் கை வைக்கமாட்டார்கள். சாய்த்துவிட்டு இரண்டு பேரும் நாஷ்டாவுக்குப் போனோம். ஒரே கடை, வேறு வேறு பெஞ்சு.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் கார் வந்துவிட்டது. வழியில் டயரும் ரிங்கும் கிடந்தன. புதிதாக வந்திருந்த வாட்ச்மேன், பாவம், அவருக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, காரை உள்ளே விட்டுவிட்டு, மறுபடியும் அழகாகச் சாய்த்து வைத்தார். டயர் பழைய இடத்தில், ரிங் மட்டும் மாறிப்போய்.

திரும்பி வந்த நாங்கள் இரண்டு பேரும் ரிங்கைப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? யாரும் தொடமாட்டார்கள் என்பதுதானே வழக்கம். என் டயரில் சாய்ந்திருப்பது என் ரிங். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு பேரும் கையை வைத்தோம்.

மேனேஜர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்தில் கைகட்டி நின்றார். நான் அன்று சங்கிலியை எடுக்கவில்லை. அவன் போடாதபோது நான் போட்டால் பயந்தாங்கொள்ளி மாதிரி தெரியும் என்று நினைத்தேன். மாட்டும்போது என் கைதான் என் டயரில் இருந்தது. கண் அவன் டயரில் இருந்தது. எனக்கு முன்னால் அவன் முடித்துவிடக் கூடாது. மிதித்தேன், அடித்தேன், முடித்தேன் என்று நிமிர்ந்தால், அவனும் முடித்துவிட்டிருந்தான். காற்றுக் குழாய் அவன் பக்கத்தில் இருந்தது. மாட்டிவிட்டான். குனிந்து காதை வைத்தான். மேனேஜர் முகத்தில் அந்த டிரைவர்களின் அதே நிம்மதி.

அப்போது பார்த்தேன். அவன் ரிங்கின் வெட்டு என் பக்கமாக இருந்தது. சரியான ரிங் என்றால் அந்த வெட்டில் ஒரு நகம் நுழைய இடம் இருக்கும். இதில் இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. பள்ளத்துக்கு ரிங் பெரிது. இது அவன் ரிங்கே இல்லை.

அந்த நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை, தம்பிகளே. இரக்கமும் இல்லை. சந்தோஷம். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு, அதுவும் மேனேஜர் முன்னால், அதுவும் வீடியோவில், நைனா தப்பு செய்கிறான்! ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி தானாக என்னிடம் வந்திருக்கும். அவன் தலை இருக்கிற இடத்தில் தலை இருந்திருக்காது. அவ்வளவு தூரம் நான் யோசிக்கவே இல்லை. நாலு பேருக்கு உடனே காட்ட வேண்டும், அதுதான் எனக்கு.

"அய்ய! நைனா ரிங்க மாத்தி மாட்டிக்கினான்! மொதலாளி, வந்து பாருங்க, நைனா மாத்தி மாட்டிக்கினு காத வச்சிக் கேக்கறான்!" கத்தினேன். சிரித்தேன்கூட.

நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. காதை எடுத்தான். நிமிர்ந்தான். என்னைப் பார்த்து இரண்டு எட்டு வந்தான்.

"ஏமிடா சொன்ன? நானா? நானா மாத்தி—"

அவன் முடிக்கவில்லை. காது அடைத்துப் போகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் தலைக்கு மேலே தகரம் கிழிந்தது. யார்டு முழுக்கச் சாம்பலும் தூசியும் எழும்பி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இரும்பு விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. கூரையில் ஒட்டுப்போட்ட ஓர் இடம் இருக்கிறதே, மழைக்கு ஒழுகுகிறது என்று நீங்கள் திட்டுகிற இடம், அது அன்றைக்கு வந்ததுதான்.

மேனேஜர் தரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் நீட்டிய விரலை மடக்காமல் நின்றேன். நைனா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அவன் செய்ததைக் கேளுங்கள். தன் டயரைப் பார்க்கவில்லை. ஓடிப் போய்க் காற்றுக் குழாயை மூடினான். நேராக என் டயருக்கு வந்து உட்கார்ந்தான். ரிங்கின் வெட்டில் விரலை விட்டான். நகம் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு விரல் நுழைந்தது.

"என்து உன்துல கீது. உன்துதான் என்துல இருந்துக்குது" என்றான். "அடுத்தது உனக்குத்தானே காத்து உடறதா இருந்த? சங்கிலிகூடப் போடல. செத்துப் பூட்டுருப்படா நீயி."

என் டயரை நான் பார்க்கவே இல்லை. அவன் டயரில் நகம் நுழையாததைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்த எனக்கு, என் காலடியில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை தெரியவில்லை.

மேனேஜர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வெடிச்ச உடனே பக்கத்து வீலைப் போய்ப் பார்த்தாரே, அவர்தான் எனக்கு மேஸ்திரி" என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிந்தது.

எனக்கு வேறொன்று கிடைத்தது. நல்லவன் என்ற பெயர். முதலாளி என் தோளைத் தட்டினார். "போட்டின்னுகூடப் பாக்காம கத்திக் காப்பாத்துன பாரு தணிகா, அந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் நைனாவின் மனைவி தேங்காய் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்க ஊட்ல வெளக்கு எரியிதுன்னா உங்களாலதாண்ணா" என்று அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். அவர் போனதும் என் மனைவி பழத்தை உரித்துக்கொண்டே, "நெசமாவே அவன் நல்லா இருக்கணும்னா கத்துன?" என்றாள். அவளை ஏமாற்ற முடியுமா?

இதில் உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் செய்கிற தப்பைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். அன்பாகச் சொல்ல வேண்டும், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று மனசைத் தயார் செய்துகொண்டிருக்காதீர்கள். கேலியாகச் சொல்லுங்கள், திட்டிச் சொல்லுங்கள், அவன் மூக்கை உடைப்பதற்காகவே சொல்லுங்கள். நமக்கு நல்ல புத்தி வருகிறவரைக்கும் ரிங் காத்துக்கொண்டிருக்காது.

மேஸ்திரியானதும் நைனா காதை வைப்பதை விட்டான். சங்கிலி இல்லாமல் காற்று விட்டால் கெட்ட கோபம் வரும். ஆனால் தானும் வீல் மாட்டுவதை அவன் நிறுத்தவில்லை. எந்த வேலையாக இருந்தாலும் பக்கத்து இடம் எனக்குத்தான். ஓரமாகப் போய் வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். விடமாட்டான். "இங்கியே இரு நைனா" என்பான். உயிரைக் காப்பாற்றியவன் என்று பாசம் காட்டுகிறான் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சல். முறைத்துக்கொண்டே அவன் கையைப் பார்த்தேன். ஒருமுறை அவன் டியூப் மடங்கியிருந்தது, சொன்னேன். இன்னொருமுறை ரிம்மில் விரிசல் இருந்தது, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவன் முகம் சிவக்கும். ஆனால் கழற்றிச் சரி செய்வான். அவன் மேஸ்திரியாக இருந்தவரை ஓர் ஆள்மேல் ஒரு கீறல் விழவில்லை. அந்தப் பெயரும் அவனுக்கே போயிற்று.

அவன் வேலையை விட்டு ஊருக்குப் போகிற நாளில், ஹைவே ஓரத்து டீக்கடையில் முதல்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"தணிகா, அன்னிக்கி நீ என்னக் காப்பாத்தக் கத்தல. மாட்டிக்கினான்டான்னு கத்துன. சிரிச்சினு வேற இருந்த" என்றான்.

கிளாஸை வாயிலிருந்து எடுத்தேன். "தெரியுமா?"

"அப்பவே தெரியும். அதுக்கோசரம்தான் உன்னப் பக்கத்துலயே வச்சினு இருந்தேன். சிநேகிதக்காரன் பாத்தா, நைனா பண்ணா சரியாத்தான் இருக்கும்னு உட்டுடுவான். நீ உடமாட்ட. உன்ன மாதிரி என் கையப் பாக்கறவன் எவன் கீறான் சொல்லு?" கிளாஸைக் கீழே வைத்து எழுந்து, என் தோளில் கையை வைத்தான். "பஸ்ஸு வருது. நல்லா இரு."

அத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டேன். அதையும் அவன் வேலைக்கு வைத்துக்கொண்டான். அந்த யோசனை எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று அதற்கும் எரிந்தேன்.

அவனுக்கு அப்புறம் மேஸ்திரி நாற்காலி எனக்கு வந்தது. ஆசைப்பட்டதுதான். எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். நான் மாட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒருத்தனே குனிந்து, வெட்டில் நகத்தை விட்டு, எழுந்து, நம்பாமல் மறுபடியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறுகிறவரைக்கும் அப்படித்தான்.

இன்றைக்கும் நைனாமேல் எனக்குப் பொறாமைதான். மேஸ்திரி ஆனதற்காக இல்லை, டிரைவர்கள் தேடி வந்ததற்காகவும் இல்லை. அவன் பக்கத்தில் நான் இருந்தேன். என் பக்கத்தில் அப்படி ஒருத்தனும் இல்லை.